நாலு டன் என்று எழுதியிருக்கிறதே!

திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் பாடாலூரைத் தாண்டினால் பெரம்பலூர் வரைக்கும் வண்டிப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. கல் குவாரி டிப்பர், அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி, மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் சுமக்கும் டிராக்டர், பள்ளிக்கூட வேன் என்று வேலைக்கு வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். குழிக்குள் இறங்கி அண்ணாந்து பார்த்து வேலை செய்த காலம் போய், ஓரளவு வசதியுள்ள கொட்டகைகளில் இரண்டு தூண் லிப்ட் வந்துவிட்டது. தூணுக்கு இரண்டாக நாலு கை. பொத்தானை அழுத்தினால் பொலேரோ ஆள் உயரத்துக்கு மேலே போய் நிற்கிறது. தூணில் பெரிய எழுத்தில் '4 டன்' என்று எழுதியிருக்கும். வம்பு அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது.

லிப்ட் வாங்கிப் போட்ட சில மாதங்களில் யாராவது ஒருவர் கேட்பார்: "நாலு டன் வண்டியையே தூக்குது. நானூறு கிலோ இன்ஜினைத் தூக்காதா? கையில ஒரு சேனலைப் போட்டுச் சங்கிலியைத் தொங்கவிட்டா வேலை முடிஞ்சுது. இதுக்குன்னு தனியா கிரேன் எதுக்கு?" முதலாளிக்குச் செலவு மிச்சம், மெக்கானிக்குக்கு வேலை சுலபம், பக்கத்துக் கொட்டகைக்காரருக்குப் பின்பற்ற ஒரு முன்மாதிரி. வேடிக்கை பார்க்க வந்தவர் இதைப் படம் பிடித்து 'நம்ம ஊர் மூளை' என்று பாராட்டியும் விடுவார். கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. நாலாயிரத்தில் நானூறு பத்தில் ஒரு பங்கு. இதற்கு மேல் என்ன கணக்கு என்று தோன்றும்.

அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரை மறுக்கிறது. எடையைப் பற்றிச் சண்டையே இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. டாடா லாரிகளில் வெகுகாலம் ஓடிய ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் இன்ஜின், எண்ணெயும் தண்ணீரும் இல்லாமல், ஏறத்தாழ அரை டன். டிராக்டர் இன்ஜினும் கார் இன்ஜினும் அதைவிடக் குறைவு. இந்த எடையால் லிப்டின் தூண் முறியாது, கை வளையாது. 'லிப்ட் உடைந்துவிடும்' என்று பொத்தாம்பொதுவாகப் பயமுறுத்துகிறவர்களின் பேச்சை மெக்கானிக்குகள் காதில் போட்டுக்கொள்ளாததற்குக் காரணமும் இதுதான். அவர்கள் பத்துத் தடவை தூக்கிப் பார்த்திருப்பார்கள், உடைந்திருக்காது.

'4 டன்' என்பது ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட எண். வண்டி இரண்டு தூணுக்கும் நடுவில் நிற்க வேண்டும். எடை நாலு கைகளிலும் ஏறக்குறையச் சமமாகப் பிரிய வேண்டும், அதாவது கைக்கு ஒரு டன். எடை கை நுனியில் உள்ள பேட்டின் மேலே நேராக உட்கார்ந்து கீழ்நோக்கி அழுத்த வேண்டும். தூக்கப்படுகிற பொருள், வண்டியின் சேஸிஸ் போல, இந்தப் பக்கத்துக் கைகளையும் அந்தப் பக்கத்துக் கைகளையும் இணைக்கும் விறைப்பான சட்டமாக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலரும் கவனிப்பதில்லை. இரண்டு தூணுக்கும் நடுவே வண்டி ஏறி நிற்கும்போது அது சுமையாக மட்டும் இருப்பதில்லை. கைகளை இடத்தில் பிடித்து வைக்கும் உறுப்பாகவும் ஆகிவிடுகிறது. வண்டியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, ஒன்றையொன்று பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் தனித்தனிக் கைகள். பக்கவாட்டில் அவை திரும்பாமல் இருக்க அடியில் ஒரு பல் பூட்டு உண்டு. வண்டியை ஏற்றும்போது பேட் நழுவாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு. ஊஞ்சலாடும் இன்ஜினைக் கட்டிப்பிடிக்க யாரும் அதைச் செய்யவில்லை. தேய்ந்த பல்லோடு ஓடும் பூட்டுகள் எத்தனை என்று கொட்டகைக்காரர்களுக்கே தெரியும்.

இனி அந்த ஏற்பாட்டையே கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். முன்பக்கத்துக் கைகள் இரண்டின் மேல் ஒரு சி-சேனல், அல்லது பழைய தண்டவாளத் துண்டு குறுக்காகப் போடப்படுகிறது. நடுவில் ஒரு செயின் பிளாக். அதன் கொக்கியில் சங்கிலி, சங்கிலியின் இரண்டு முனையிலும் இன்ஜின். கீழே, பானெட் கழற்றப்பட்ட வண்டி.

லிப்டின் கை அதிகபட்சம் போகும் உயரம் சுமார் 1.8 அல்லது 1.9 மீட்டர். அதிலிருந்து செயின் பிளாக்கின் உடம்பும் கொக்கியும் ஒரு அடிக்கு மேல் விழுங்கிவிடும். இன்ஜினின் இரண்டு முனையிலிருந்தும் சரியான சாய்வில் சங்கிலி கட்டினால் அதற்கு இன்னொரு ஒன்றரை அடி வேண்டும். மிச்சம் இருப்பது சுமார் ஒரு மீட்டர். இன்ஜினின் மேல்பகுதி அந்த உயரத்தில் நிற்கும். அதன் சொந்த உயரத்தைக் கழித்தால் அடிப்பகுதி தரையிலிருந்து ஒரு அடி, ஒன்றேகால் அடிதான். பொலேரோவின் முன் குறுக்குச் சட்டம் அதைவிட எவ்வளவோ மேலே இருக்கிறது. இன்ஜின் கழன்றுவிட்டது, ஆனால் வண்டிக்கு வெளியே வர வழியில்லை.

மெக்கானிக் இதற்கெல்லாம் அசரமாட்டார். முதலில் செயின் பிளாக்கைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை நேராகச் சேனலிலேயே மாட்டுவார். அதுவும் போதாவிட்டால் சங்கிலியைக் குட்டையாக்குவார். இரண்டுமே உயரத்துக்காகச் செய்யப்படுகிற காரியங்கள். இரண்டுக்கும் வேறொரு இடத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

குட்டைச் சங்கிலியின் விலை இது. இரண்டு கால் சங்கிலியில் ஒவ்வொரு காலும் படுக்கைக் கோட்டுக்கு 60 டிகிரியில் நின்றால், 500 கிலோ இன்ஜினுக்கு ஒரு காலில் வரும் இழுவிசை சுமார் 290 கிலோ. சங்கிலியைக் குட்டையாக்கி 30 டிகிரிக்குப் படுக்க வைத்தால், ஒவ்வொரு காலிலும் 500 கிலோ வந்துவிடுகிறது. இன்ஜினின் எடை ஒரு கிராம்கூட ஏறவில்லை. சங்கிலி மாட்டிய போல்ட்டும் கண்ணியும் முன்பைவிட ஒன்றே முக்கால் மடங்கு இழுபடுகின்றன. படுத்த சங்கிலி அந்த போல்ட்டை நேர் மேலாக இழுப்பதற்குப் பதில் சாய்த்து வளைக்கவும் செய்கிறது. இன்ஜின் கீழே விழுந்த பட்டறைகளில் லிப்ட் பெரும்பாலும் முழுசாகத்தான் நிற்கும். அறுந்து கிடப்பது போல்ட்டாக இருக்கும்.

செயின் பிளாக்கைக் கழற்றியதற்கும் ஒரு விலை இருக்கிறது. செயின் பிளாக் என்பது கிணற்றுக் கப்பியின் பெரியண்ணன் என்று நினைப்பவர்கள் உண்டு. 1854-இல் இங்கிலாந்துக்காரர் வெஸ்டன் இரட்டைக் கப்பியைச் சங்கிலியால் பிணைத்துக் காட்டியதிலிருந்து இந்தக் கருவி ஒரே திசையில் வளர்ந்திருக்கிறது: ஆள் கையை எடுத்தாலும் சுமை இறங்கக்கூடாது. இன்றைய பிளாக்குக்குள் இருக்கும் பிரேக், தொங்கும் சுமையின் இழுப்பாலேயே இறுகிக்கொள்கிறது. கைச் சங்கிலியை ஒரு முழம் இழுத்தால் கொக்கி சில மில்லிமீட்டர்தான் நகரும். கியர்பாக்ஸ் ஷாப்டைக் கிளட்ச் பிளேட்டின் நடுத்துளைக்குள் நுழைக்கிற வேலைக்கு அந்த மில்லிமீட்டர் வேண்டும்.

லிப்டில் அது கிடையாது. ஏற்ற ஒரு பொத்தான், இறக்க ஒரு வால்வு. இறக்குவதற்கு முன்னால் பாதுகாப்புப் பூட்டை விடுவிக்க வேண்டும், அதற்காக இரண்டு அங்குலம் மேலே ஏற்ற வேண்டும். ஷாப்ட் பாதி நுழைந்த நிலையில் இன்ஜினை இரண்டு அங்குலம் மேலே ஏற்றினால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. வால்வைத் திறந்து சட்டென்று மூடினால் இறங்கிக்கொண்டிருந்த அரை டன் குலுங்கி நிற்கும். அந்த நொடியில் சங்கிலிக்கு அது அரை டன்னைவிடக் கனமான சுமை. இந்த ஏற்பாட்டை ஆதரிப்பவர்கள் ஆபத்தைப் பற்றிய பேச்சை அலட்சியப்படுத்தலாம். ஆனால் இது வேலைக்கே லாயக்கில்லாத ஏற்பாடு என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை. அரை மணி நேரத்தில் உட்கார வேண்டிய கியர்பாக்ஸை நாலு பேர் கம்பியால் நெம்பிக்கொண்டிருக்கும் காட்சியே சாட்சி.

"சேப்டி லாக் இருக்கே?" என்பது அடுத்த கேள்வி. இருக்கிறது. தூணுக்குள் படிப்படியாக அமைந்த பற்களில் அது போய் விழும். ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே சில அங்குல இடைவெளி. வண்டியை ஏற்றிப் பூட்டில் உட்கார வைத்த பிறகு எடை முழுவதும் இரும்பில் நிற்கும், எண்ணெய்க்கு வேலையில்லை. வண்டிக்கு இது அருமையான ஏற்பாடு. ஒரு அங்குலம் முன்னே பின்னே இருந்தாலும் அடியில் வேலை செய்ய எந்தத் தடையும் இல்லை. தொங்கும் இன்ஜினுக்கோ குறிப்பிட்ட உயரம் வேண்டும். அந்த உயரம் பூட்டு விழும் இடத்தில் அமைவது அதிர்ஷ்டம். ஆகவே மெக்கானிக் பூட்டுக்கு நடுவில் நிறுத்துவார். எடை ஹைட்ராலிக் ஓஸையும் சீலையும் நம்பி நிற்கும். கீழே அவருடைய கை.

இதைவிட மோசமான ஒரு வகையும் உண்டு. ஒரே தூணின் இரண்டு கைகளையும் ஒன்றாகத் திருப்பி, அவற்றின் நுனியில் சங்கிலியைப் போட்டுத் தூக்குவது. மற்ற தூண் சும்மா நிற்கும். பெரும்பாலான இரண்டு தூண் லிப்டுகளில் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே பம்பிலிருந்துதான் எண்ணெய் போகிறது. எண்ணெய் எதிர்ப்பு குறைவான பக்கமே போகும், அதாவது காலியாக இருக்கும் தூண்தான் முதலில் ஏறப் பார்க்கும். அப்படி ஏறாமல் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைப்பது, தூண்களுக்கு இடையே ஓடும் சமன் கேபிள்கள். வண்டியின் டிரைவர் பக்கம் கிளீனர் பக்கம் என்று வருகிற சின்னச் சின்ன வித்தியாசத்தைச் சரிக்கட்டவே அந்தக் கேபிள். ஒரு பக்கம் மட்டும் சுமை ஏறினால் அதில் பாதியைக் கேபிள் இழுத்துக் கொடுக்க வேண்டும். நாளுக்கு நாள் கேபிள் நீளும். ஒருநாள் ஒரு தூணின் பூட்டு ஒரு பல் முன்னாலும் மற்றது ஒரு பல் பின்னாலும் விழும். அன்றைக்கு லிப்டின் மேல் இருப்பது இன்ஜினாக இருக்காது. யாரோ ஒருவருடைய கார் இருக்கும், அடியில் ஆள் இருப்பார். இன்ஜின் தூக்கிய வினை, இன்ஜினோடு சம்பந்தமே இல்லாத நாளில் வந்து விடியும்.

மூன்றாவது வகை, தூண்களின் உச்சியை இணைக்கும் குறுக்குப் பெட்டியில் சங்கிலியை மாட்டுவது. உயரப் பிரச்சினை இதில் தீர்ந்துவிடுகிறது, ஆகவே இதற்கு ரசிகர்கள் அதிகம். அந்தப் பெட்டிக்குள் இருப்பவை ஓஸ், கேபிள், வண்டியின் கூரை இடிக்காமல் நிறுத்தும் ஒரு சுவிட்ச். அவற்றை மூடுவதற்கான மடித்த தகடு அது. அதில் சட்டை மாட்டலாம்.

எல்லாவற்றுக்கும் மேலான விஷயம் பக்கவாட்டு விசை. இன்ஜினைத் தூக்கியாயிற்று, இனி அது வண்டியை விட்டு விலக வேண்டும். லிப்ட் நகராது. ஒன்று வண்டியைத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜினை இழுத்துப் பிடிக்க வேண்டும். அவசரத்தில் இரண்டாவதுதான் நடக்கும். தொங்கும் இன்ஜினை இழுத்து ஒதுக்கியதில் சங்கிலி 15 டிகிரி சாய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 500 கிலோ இன்ஜின் அப்போது கையை 130 கிலோவுக்கும் மேலான விசையோடு பக்கவாட்டில் இழுக்கும். கை இருப்பது ஆள் உயரத்தில். தூணின் அடித்தகட்டில் விழும் நெம்புவிசையை அறிய, இந்தப் பக்கவாட்டு விசையை அந்த உயரத்தால் பெருக்கிப் பார்க்க வேண்டும். தூண் உள்பக்கமாக, வண்டியை நோக்கிச் சாய முயல்வதைத் தடுக்கத்தான் அடித்தகடும் ஆங்கர் போல்ட்டுகளும் கணக்கிடப்பட்டிருக்கின்றன. முன்னும் பின்னும் ஆட்டுவதற்கு அவை தயாராக இல்லை.

ஆங்கர் போல்ட் என்று வந்துவிட்டதால் தரையையும் சொல்லிவிட வேண்டும். லிப்ட் தயாரிப்பாளர்களின் கையேடுகள் பொதுவாக 4 முதல் 6 அங்குலக் கனமுள்ள, நன்கு இறுகிய, விரிசல் இல்லாத கான்கிரீட் தளத்தைக் கேட்கின்றன. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் கரிசல் மண்ணும் உண்டு. பருத்திக்கு உகந்த மண், கட்டடத்துக்கு எமன். மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வாய் பிளக்கும். காரை, குளக்காநத்தம் பக்கத்துக் களிமண்ணும் சாதுவானதல்ல. கப்பி மண் கொட்டி, மேலே நாலு அங்குலம் கான்கிரீட் போட்டு, இரண்டு மழைக்காலம் பார்த்த கொட்டகைத் தரையில் ஆங்கர் போல்ட்டைச் சுற்றி மெல்லிய விரிசல் ஓடியிருக்கும். நேராக அழுத்தும் எடையை அந்தத் தரை பொறுத்துக்கொள்ளும். ஆட்டி ஆட்டிப் பிடுங்குவதைப் பொறுக்காது.

தாங்குதிறன் எண்ணை நம்பிப் பக்கவாட்டு விசையை மறந்தவர்கள் சாலையோர மெக்கானிக்குகள் மட்டுமல்ல. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மில்லர் பார்க் பேஸ்பால் மைதானம் கட்டியபோது 'பிக் புளூ' என்ற ராட்சத கிரேனைக் கொண்டுவந்தார்கள். பெயரளவில் 1,500 டன் தூக்கக்கூடியது. 1999 ஜூலை 14 அன்று அது 450 டன் சொச்சம் உள்ள கூரைப் பகுதியைத் தூக்கியது. காற்று வீசிக்கொண்டிருந்தது. கிரேனின் மீது மோதும் காற்றைக் கணக்கில் எடுத்தவர்கள், பாய்மரம் போல் அகன்ற அந்தக் கூரையின் மீது மோதும் காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. கிரேன் மடிந்து விழுந்து மூன்று இரும்புத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பொறியாளர் படையே இருந்த இடத்தில், கொக்கியில் தொங்கியது அந்தப் பெரிய எண்ணில் மூன்றில் ஒரு பங்கு சுமை. பெரம்பலூர்க் கொட்டகையில் பத்தில் ஒரு பங்கு என்று ஆறுதல் அடைகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

"அப்படிப் பார்த்தா கிரேனும்தானே விழுது?" என்று இதையே திருப்பிக் கேட்பார்கள். விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் 2020 ஆகஸ்ட் 1 அன்று கிரேன் சரிந்து 11 பேர் உயிரிழந்ததை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். கொடுமையான விபத்து. அது நடந்தது சோதனை ஓட்டத்தின்போது. தொங்கும் சுமைக்காகவே வடிவமைத்த இயந்திரத்தைக்கூடச் சோதித்துப் பார்த்த பிறகுதான் வேலைக்கு விட வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது. அந்தச் சோதனையே உயிரைக் குடிக்கும் அளவுக்கு விஷயம் கனமானது. எந்தச் சோதனையையும் பார்க்காத சி-சேனலுக்கு இதிலிருந்து எப்படி நற்சான்றிதழ் எடுக்க முடியும்?

சட்டம் தொங்கும் சுமையைப் பல்லாண்டுகளுக்கு முன்பே பிரித்துப் பார்த்திருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, கிரேன், வின்ச், கப்பித் தொகுதி, சங்கிலி, கயிறு எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டது. ஒவ்வொன்றிலும் பாதுகாப்பான எடை எவ்வளவு என்று தெளிவாகக் குறித்திருக்க வேண்டியிருந்தது. 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. பதிவேடு வைக்க வேண்டியிருந்தது. கொக்கிக்கும் சங்கிலிக்கும் இந்த விதி இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அரியலூர் மாவட்டத்தின் சிமென்ட் ஆலைகளும், பெரம்பலூர் நாரணமங்கலத்தில் இருக்கும் எம்.ஆர்.எப். டயர் ஆலையும் சட்டத்தின் இந்த வளையத்துக்குள் அடங்கிய இடங்கள். சாலையோரக் கொட்டகை அடங்கவில்லை. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தின் கணக்கில் அது தொழிற்சாலையாக இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு அந்த வரம்பை 20 ஆக உயர்த்திவிட்டது. ஆக, நாலு பேர் வேலை பார்க்கும் பட்டறைக்கு எந்த ஆய்வாளரும் வரமாட்டார். இதைச் சுதந்திரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சங்கிலியைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை என்பதும் அதற்குள் அடக்கம்.

'கிராமத்து விஞ்ஞானி' பாராட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இல்லாத பாகத்தை லேத்தில் கடைந்து போட்டு, கம்பெனிக்காரன் கைவிட்ட வண்டியை ஓடவைக்கிற திறமை இந்தப் பட்டறைகளில் உண்டு. அதை மதிப்பதற்கும், ஆள் தலைக்கு மேல் அரை டன்னைத் தொங்கவிடும் ஏற்பாட்டைக் கைதட்டி ரசிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கைதட்டுகிறவர்கள் யாரும் அந்த இன்ஜினுக்கு அடியில் போய்ப் படுப்பதில்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மாதச் சம்பளத்துக்கு வந்த இருபது வயதுப் பையன்தான் படுக்கிறான்.

சரி, லிப்டை வைத்து இன்ஜின் இறக்கவே முடியாதா? முடியும். அதுவும் இந்தக் குறுக்கு வழியைவிடச் சுத்தமாக முடியும். முன்சக்கரத்தில் ஓடும் கார்களில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாகக் கீழ்ப்பக்கமாக வரும். சக்கரம் வைத்த மேசை ஒன்றை அடியில் கொண்டுபோய், லிப்டை இறக்கி, இன்ஜினை மேசையில் உட்கார வைத்து, மவுண்ட் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, லிப்டை மறுபடி ஏற்றினால் போதும். இன்ஜின் மேசையிலேயே இருக்கும். கார் மட்டும் மேலே போகும். லிப்ட் எந்த வேலைக்குப் பிறந்ததோ அந்த வேலையைச் செய்கிறது, வண்டியைத் தூக்குகிறது. இதில் மறந்துவிடக்கூடாத ஒன்று உண்டு. இன்ஜின் போன பிறகு காரின் முன்பக்கம் லேசாகிவிடும், எடை பின்னால் சாயும். ஆகவே ஏற்றுவதற்கு முன்பே எடை மாறப்போவதை எண்ணிக் கைகளைப் பின்தள்ளி வைக்க வேண்டும், வண்டியைக் கையோடு பெல்ட்டால் கட்ட வேண்டும், ஏறிய பிறகு பின்பக்கம் உயர ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். தயாரிப்பாளரே தன் லிப்டுக்கென்று செய்து விற்கும் துணைக்கருவிகளும் உண்டு. நாலு தூண் லிப்டின் இரண்டு பாதைகளுக்கு நடுவே ஓடும் ஜாக் அப்படிப்பட்டது. அவற்றைப் பயன்படுத்துவதில் தகராறு இல்லை. கணக்கைப் போட்டவர் பெயரும் எடையும் அதன்மேல் இருக்கின்றன.

டிராக்டரின் கதை வேறு. அதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. இன்ஜின், கிளட்ச் வீடு, கியர்பாக்ஸ் எல்லாம் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைந்ததே அதன் முதுகெலும்பு. இரண்டு தூண் லிப்டில் அது ஏறாது. கிளட்ச் வேலைக்கு வண்டியை நடுவில் பிரித்தாக வேண்டும். மக்காச்சோள அறுவடைக் காலத்தில் வண்டி நின்றால் சொந்தக்காரர் கொட்டகையிலேயே குடியேறிவிடுவார், அவசரம் அப்படி. அந்த அவசரத்தில்தான் லிப்ட் கையில் இன்ஜினைத் தொங்கவிட்டு, பின்பாதியை நாலு பேர் உருட்டுகிறார்கள். உண்மையில் இந்த வேலைக்குத் தூக்கவே வேண்டியதில்லை. இரண்டு பாதிக்கும் அடியில் திடமான ஸ்டாண்டு, ஒரு பாதி மட்டும் உருளத் தண்டவாளம் அல்லது சக்கர வண்டி, முன் ஆக்சில் ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் ஆப்பு. உயரத்தைத் திருகு ஜாக்கியில் மில்லிமீட்டராகச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மேலிருந்து தூக்கியே ஆக வேண்டிய லாரி இன்ஜினுக்கு வழி ஊரிலேயே இருக்கிறது. போர்வெல் மோட்டார் இறக்குகிறவர்கள் மூன்று குழாயை நிறுத்தி முக்காலி போட்டு, உச்சியில் செயின் பிளாக்கை மாட்டுகிறார்கள். பல நூறு அடி ஆழத்திலிருந்து குழாயோடு மோட்டாரை ஏற்றும் அவர்கள், கொக்கி துளைக்கு நேர் மேலே இருக்கிறதா என்று தூக்குநூல் பிடித்ததுபோலப் பார்ப்பார்கள். சாய்வாக இழுத்தால் குழாய் மாட்டிக்கொள்ளும் என்று அனுபவம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அதே ஆள் பட்டறைக்கு வந்தால் லிப்ட் கையில் சாய்ந்து தொங்கும் இன்ஜினைப் பார்த்து முகம் சுளிப்பார்.

சக்கரம் வைத்த இன்ஜின் கிரேன் இன்னொரு வழி. லிப்ட் லட்சக்கணக்கில் என்றால் இது ஆயிரக்கணக்கில்தான். அதன் கையைப் பார்த்தாலே ஒரு பாடம் கிடைக்கும். '2 டன்' என்று விற்கும் கிரேனின் கையை உள்ளே இழுத்த நிலையில் 2 டன் என்றும், ஒவ்வொரு துளையாக நீட்ட நீட்ட ஒன்றரை, ஒன்று என்றும், முழுக்க நீட்டினால் அரை டன் என்றும் அந்தந்தத் துளைக்குப் பக்கத்திலேயே பொறித்திருப்பார்கள். தொங்கும் சுமைக்காகச் செய்யப்பட்ட கருவி தன் எண்ணை இப்படித் தவணை தவணையாகச் சொல்கிறது. லிப்டின் கையிலும் உள்ளே இழுக்கும் குழாய், வெளியே நீட்டும் குழாய் உண்டு. அதில் இப்படி எதுவும் பொறித்திருக்காது, ஏனென்றால் அதில் யாரும் எதையும் தொங்கவிடுவார்கள் என்று அதைச் செய்தவர் நினைக்கவில்லை.

இரண்டு கால் சட்டமும் மேலே ஐ-பீமும் சக்கரமும் கொண்ட கேன்ட்ரி ஒன்றைச் செய்துகொண்டால் லாரி இன்ஜினுக்கு வேண்டிய உயரமும் கிடைக்கும், பீமில் ஓடும் டிராலியால் பக்கவாட்டில் இழுக்கும் தேவையும் ஒழியும். தகரக் கொட்டகையின் கூரைச் சட்டத்தில் செயின் பிளாக்கை மாட்டுவது இதற்கு மாற்றாகாது. அந்தச் சட்டம் தகரத்துக்கும் காற்றுக்கும் போட்டது. ஒரு பட்டறைக்குக் கேன்ட்ரி செலவு கட்டுப்படியாகாது என்று சொல்வார்கள். லாரி இன்ஜின் தினமும் இறங்குவதில்லை என்பதால் அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. பெரம்பலூரின் துறைமங்கலத்திலோ பாலக்கரைப் பக்கத்திலோ வரிசையாக இருக்கும் ஏழெட்டுக் கொட்டகைக்காரர்கள் பங்கு போட்டு ஒன்று வைத்துக்கொள்ளலாம். லேத் வேலைக்கு எல்லோரும் ஒரே பட்டறைக்குத்தானே போகிறார்கள். பீமின் அளவை ஒரு பொறியாளர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். வெல்டிங்கை அறிந்தவர் செய்ய வேண்டும். முதல் இன்ஜினைத் தொங்கவிடுவதற்கு முன் அதைவிடக் கனமான இரும்பைத் தரையிலிருந்து அரை அடி தூக்கி, ஆள் யாரும் அடியில் இல்லாமல், சற்று நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு அதன்மேல் எழுத வேண்டிய எண் எத்தனை டன் என்பதை அந்தச் சோதனையும் கணக்கும் சொல்லும்.